அன்றைய ஜலதோஷம்

ஃப்ரீசரின் அடித்தட்டில் அந்த ட்யூப் அகப்பட்டது.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பனியைத் துடைத்தாள். மூடியில் அவனுடைய கையெழுத்து. பெயரின் முதலெழுத்து மட்டும்.

"இது புது லேபுக்கா, குப்பைக்கா மேடம்?" உதவியாளர் ஜெபமணி பெட்டியை நீட்டினார்.

அவள் ட்யூபைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

கல்யாணமான புதிது. இருவருக்கும் ஒரே லேப், ஒரே மேஜை. சோதனைக்கு நோயில்லாத ஒருவரின் ரத்தம் தேவைப்பட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன்தான் வந்து உட்கார்ந்தான்.

வெள்ளையணுக்களின் ஆர்என்ஏவைப் பிரித்துப் பார்த்தாள். வைரஸை எதிர்க்கும் மரபணுக்களையெல்லாம் அவன் செல்கள் விழுந்தடித்துக்கொண்டு நகலெடுத்திருந்தன.

"சளி பிடிச்சிருக்கா உனக்கு?"

"எனக்கா? மொதல்ல உன் மெஷினுக்கு இருக்கான்னு பாரு."

சொல்லி முடிப்பதற்குள் தும்மினான்.

லேபே சிரித்தது. ரத்தம் சோதனைக்கு ஆகவில்லை. பிரித்ததில் மீதியை அவள் எறியவும் இல்லை.

அவன் இறந்து இது இரண்டாவது மழைக்காலம்.

டிஎன்ஏ என்றால் பரவாயில்லை. அதில் பாதி மகளிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறது, சோற்றுக்கு முன்னால் அடம்பிடிக்கிறது.

ஆர்என்ஏ அப்படியில்லை. அந்த நேரத்துக்கு எது வேண்டுமோ, டிஎன்ஏவில் அந்த இடத்தை மட்டும் செல் நகலெடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அழித்துவிடும்.

அந்தக் காலையில் அவன் உடம்பு எதற்காகப் பரபரத்தது என்பது இந்த ட்யூபில் மட்டும்தான் மிச்சம்.

"உபயோகமில்லாததை ஏத்த வேண்டாம்னு சொல்லிட்டாங்க மேடம்." ஜெபமணி குரலைத் தாழ்த்தினார். "நீங்க வச்சா, நான் பார்க்கலை."

புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் சொல்வது நினைவுக்கு வந்தது. மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் சொல்வான். 'திறந்த ட்யூபுக்கு மேல வாயைத் திறக்காதீங்கப்பா. துளி எச்சில் பட்டா ஆர்என்ஏ மொத்தமும் போச்சு.'

ஜெபமணி பெட்டியோடு காத்திருந்தார்.

உள்ளங்கைச் சூட்டில் பனி விட்டது. ட்யூபின் அடியில் ஒரு சொட்டு அசைந்தது.

மூடியைத் திறந்தாள்.

மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள். ட்யூபை உதட்டருகே கொண்டுபோனாள்.

"சுக்குக் காபி போட்டுத் தரட்டா?"