உள்ளங்கைக் கம்ப்யூட்டர்

"என் வீட்டுக்காரருக்கு வேற ஒருத்தி இருந்தாக்கூடத் தேவலை டாக்டர். போய்ச் சண்டையாவது போடலாம். இது வெறும் பலகை! அதுகிட்ட என்னன்னு போய்க் கத்துறது?"

தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வதில் பேர் வாங்கிய டாக்டர், பெரிய மேஜைக்குப் பின்னால் குனிந்தபடியே "ம்" கொட்டினார்.

"பலகையா? விவரமா சொல்லுங்கம்மா."

"சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கு. அதுவே முழுக் கம்ப்யூட்டராம். அதோட குட்டியா ஒரு ஸ்கிரீன், கீபோர்டு, பேட்டரி எல்லாம் சேர்த்து, கையில பிடிச்சுக்கிற மாதிரி சொந்தமாச் செய்யறாராம். சாப்பாட்டு மேஜை பூரா ஒயர். நானும் பொண்ணும் அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிடறோம்."

"கடையில வாங்கிக்கலாமே?"

"கேட்டேன். 'கடையில வாங்கினா அது அவங்க கம்ப்யூட்டர், நானே செஞ்சா என் கம்ப்யூட்டர்'னார். சரி, அப்போ நான் யாரோட பொண்டாட்டி?"

"செஞ்சு முடிச்சுட்டாரா?"

"ஒரு தடவை முடிச்சார். மணி காட்டுச்சு. தப்பான மணி. மறுபடி பிரிச்சுப் போட்டுட்டார்."

"பேட்டரி சூடாகுதா?" டாக்டரின் குரலில் திடீரென்று உயிர் வந்தது.

"அதுவும் சூடாகுது, நானும் சூடாகறேன். அதுக்கு மட்டும்தான் ஃபேன் வெச்சிருக்கார்."

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீங்க மனசு விட்டுப் பேசிப் பார்த்தீங்களா?"

"பேசினேன். அழுதேன். கோவிச்சுக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குக்கூடப் போனேன். அண்ணிதான் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினாங்க. உள்ளே நுழைஞ்சதும், 'சின்ன ஸ்க்ரூ டிரைவரை எங்கே வெச்சே?'ன்னார். நான் போனதே அவருக்குத் தெரியலை." அவள் மூக்கை உறிஞ்சினாள். "என் குரலே அவருக்கு மறந்து போச்சுன்னு நினைக்கிறேன்."

"சேச்சே! கட்டின பொண்டாட்டி குரல் எங்கேயாவது மறக்குமா? கோவத்துல கொஞ்சம் ஏத்திச் சொல்றீங்க."

அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த தலையையே பார்த்தாள்.

"பாருங்கம்மா, பிரச்சினை அந்தக் கம்ப்யூட்டர் இல்லை. கவனம். புருஷன் பொண்டாட்டி தினமும் கொஞ்ச நேரம் முகம் பார்த்துப் பேசினாலே போதும், பாதிக் குடும்பம் என்கிட்ட வராது. இதை நான் மேடை மேடையாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"கேட்டிருக்கேன் டாக்டர். கைதட்டல்கூட நல்லா விழுந்துச்சு."

"அவரை நான் நேர்ல பார்க்கணும். அவ்வளவு சின்ன கீபோர்டை எப்படிப் பொருத்தினார்னு… அதாவது, அவர் மனநிலை எப்படி இருக்குன்னு பார்க்கணும். அடுத்த வாரம் கையோட கூட்டிட்டு வந்துடுங்க."

அவள் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"கூட்டிட்டு வர வேண்டாங்க. நீங்க கொஞ்சம் தலையை நிமிர்த்தினா போதும்."

டாக்டர் நிமிர்ந்தார். மடியில் மறைத்து வைத்துத் திருகிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் நழுவித் தரையில் விழுந்தது.

"அட, நீ எப்போ வந்தே?" என்றார் அவள் கணவர்.