கிளுவை வேலியின் தலை

பல்லுக்குள் கிளுவைக் குச்சி ஒன்று குறுக்கே மாட்டி, வேலி வெட்டும் மிஷின் நின்றுவிட்டது.

பஞ்சநதம் முக்காலி மேல் நின்றிருந்தார். வலது கையில் மிஷின். இடது கை வேலிக் கொம்பைப் பிடித்திருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு சர்வேயர் வருகிறார். அதற்குள் வேலியின் தலையை வெட்டி முடித்துவிட வேண்டும்.

அந்தத் தெருவில் வேலிக்கென்று ஒரு சட்டம் உண்டு. அவரவர் பக்கத்தை அவரவர் வெட்டலாம். தலையில் மட்டும் கை வைக்கக் கூடாது. தலையை வெட்டுகிறவனுக்குத்தான் வேலி சொந்தம். வேலி சொந்தமென்றால் அதன் அடியில் இருக்கும் மண்ணும் சொந்தம்.

அதனால் ஒன்பது வருடமாக அதை இரண்டு பேரும் தொடவில்லை. அது ஆளுயரம் தாண்டி வளர்ந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பாம்பு வளர்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஆள் ரெங்கசாமி, பெரியப்பா மகன், அடுத்த வீடு. தாத்தா பண்ணையாரோடு மல்லுக்கு நின்று வாங்கிய மனை அது. பேரன்கள் அதில் மூன்றடிக்காகத் தங்களுக்குள் மல்லுக்கு நின்றார்கள். மிக்சி கொடுத்த ஆட்சி போய், பெண்களுக்கு இலவச பஸ் விட்ட ஆட்சியும் வந்துவிட்டது. இவர்கள் வழக்கு மட்டும் ஏறின கோர்ட்டுப் படியை விட்டு இறங்கவில்லை.

பேச்சு அறுந்துபோயிற்று. மிச்சம் இருந்தது சத்தம் மட்டும்தான்.

ரெங்கசாமி வேலியோரம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். தழை அடர்ந்து ஆள் தெரியாது. இங்கே மிஷின் ஓடினால் அங்கே கட்டில் கிறீச்சிடும், எழுந்து உட்கார்ந்துவிட்டார். இங்கே வேலை முடிந்தால் மறுபடி கிறீச், படுத்துவிட்டார். எத்தனை அங்குலம் திருடுகிறேன் என்று காவல் இருக்கிறார் பார் என்று பஞ்சநதம் மனைவி அமிர்தத்திடம் சொல்லிச் சொல்லிப் பொருமுவார்.

மிஷின் சிங்கப்பூரிலிருந்து வந்தது. பன்னிரண்டு வருடம் அங்கே ரோட்டோரச் செடி வெட்டினவர் அவர். மூன்று வருடத்துக்கு முன் கொண்டுவந்த அன்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. வாத்தியார் மாதிரி உரக்கப் பாடம் நடத்தினார். இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஓடும். பல்லில் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிசினைத் துடைத்து, இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, உறை போட வேண்டும். எல்லாரும் தலையாட்டிவிட்டு மறந்தார்கள். ரெங்கசாமி மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பாடம் நடத்தியவர் இன்று அதைக் காற்றில் விட்டிருந்தார். இரண்டு கையும் உயரத்துக்கு எட்டவில்லை என்று, முன்பிடிச் சுவிட்சை வாழைநாரால் இழுத்துக் கட்டியிருந்தார். இப்போது ஒற்றைக் கையிலேயே மிஷின் ஓடியது.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். பஞ்சநதத்தின் இடது கை நேராகப் பல்லுக்குள் நுழையப் போனது.

"டே பஞ்சு! பேட்டரியக் கழட்டலடா நீ!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு.

இடது கை வெடுக்கென்று பின்வாங்கியது. அதே பதற்றத்தில் வலது கை இறுகியது. மிஷின் ஓடியது. கட்டைவிரல் தடிமன் குச்சி இரண்டாகி, ஒரு துண்டு ரெங்கசாமியின் பக்கம் விழுந்தது.

பஞ்சநதம் முக்காலியிலிருந்து இறங்கி, மிஷினைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இடது கையை விரித்துப் பார்த்தார். மடக்கினார். மறுபடி விரித்தார். அடுத்த மாதம் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய கை. முழுசாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவும் அதே கைதான் வந்தது.

பக்கத்துக் கொம்பிலிருந்து ஒரு தழை நழுவி அண்ணன் பக்கம் விழுந்தது. வெட்டியதெல்லாம் அங்கேதான் விழுந்திருக்கிறது, காலையிலிருந்து. வேலியின் தலை போகிறது என்பது அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார், இதற்கு மட்டும் திறந்திருக்கிறார்.

ஆனால் இந்த அடர்த்தியில் எப்படிப் பார்த்தார்?

பஞ்சநதம் வாழைநாரை அறுத்து எறிந்தார். மிஷினை மடியில் வைத்துப் பேட்டரியைக் கழற்றினார்.

டக்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. ரெங்கசாமி படுத்துவிட்டார்.

அப்போதுதான் பஞ்சநதத்துக்கு உறைத்தது. அண்ணன் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறார். மூன்று வருடமாக இந்த வரிசைதான். முதலில் டக். பிறகுதான் கிறீச். ஒரு நாளும் மாறியதில்லை.

அண்ணன் தம்பிக்குள் நன்றி சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. சொன்னால் அசலூர்க்காரனிடம் பேசுவது போல ஆகிவிடும். பஞ்சநதத்துக்கோ நெஞ்சு கொள்ளாமல் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். வேலியின் தலை பாதி வெட்டுப்பட்டு, பாதி காடாக நின்றது. மீதிப் பாதியை அண்ணன் வெட்டட்டும். நாளைக்கு சர்வேயர் கேட்டால் வேலி ஆளுக்குப் பாதி என்று சொல்லலாம்.

பேட்டரியைத் திரும்ப மாட்டினார். வேலிப் பக்கமாக நகர்ந்து, அண்ணனுக்கு நன்றாகக் கேட்கும்படி, இன்னொரு தடவை கழற்றினார்.