ஆமை பார்த்த நிலா

ஏரிக்கரையில் யாரோ விட்டுப்போன குட்டித் தொலைநோக்கி ஒன்று கொக்குக்குக் கிடைத்தது. மேசைமேல் வைத்துப் பார்க்கிற சின்னச் சாமான் அது. கொக்கு தன் கண்ணுக்குச் சரியாக வரும் உயரத்தில், ஒரு மரக்கட்டையின் மேல் அதை வைத்தது. பொழுது சாய்ந்ததும் தன் நண்பனான ஆமையைக் கூப்பிட்டது.

“வாங்க ஆமையாரே, நிலாவைப் பாருங்க!”

ஆமை பின்காலில் எம்பி, கழுத்தை முடிந்த மட்டும் நீட்டியது. கண் எட்டவில்லை, கட்டையின் பட்டைதான் தெரிந்தது. ஆசையாகக் கூப்பிட்டவர் மனம் நோகக் கூடாதே என்று, “அடடா, அருமை!” என்றது.

அதன்பின் கொக்கு தினமும் அழைத்தது. ஆமையும் தினமும் எம்பிவிட்டு, கழுத்துவலியோடு வீடு திரும்பியது. ஒரு மாலை கொக்கு, “நிலாவில இருக்கிற குழிகள்ல உங்களுக்கு எது பிடிச்சது?” என்று கேட்டுவிட்டது.

ஆமைக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. “கோவிச்சுக்காதீங்க கொக்கண்ணே. நான் இன்னும் நிலாவையே பார்க்கலை.”

கொக்குக்கு முகம் சுருங்கிவிட்டது. தொலைநோக்கியை அலகால் தூக்கி, தாழ்வான ஒரு தட்டைக் கல்லில் வைத்து நிலாவின் பக்கம் திருப்பியது. ஆமை பார்த்தது. வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

பிறகு கொக்கின் முறை வந்தது. நெட்டைக் கால்களை மடக்கி, வயிறு ஈரமண்ணில் பட உட்கார்ந்து பார்த்தது. வெகுநேரமாகியும் அது எழுந்திருக்கவில்லை. ஆமைக்குச் சங்கடமாகப் போயிற்று.

“கஷ்டமா இருக்கா அண்ணே? பழையபடி மேலேயே வெச்சிடலாமா?”

“சும்மா இருங்க, உட்கார்ந்து பார்க்கிறதுதான் சுகமா இருக்கு” என்றது கொக்கு, அசையாமல். “இத்தனை நாளா ஒத்தைக் கால்ல நின்னே பார்த்திருக்கேன்.”