ஜன்னலுக்கு முதுகு காட்டிய இலை

சிங்காரத்தின் சலூனில் ஜன்னலுக்கு நேரெதிரே ஒரு பெரிய கண்ணாடி தொங்கியது. ஜன்னலுக்குக் கீழே, தரையில், ஒரு கற்பூரவல்லிச் செடி. வெயில் தினமும் செடியின் தலைக்கு மேலாகவே உள்ளே வந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பி, செடிக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரில் விழுந்தது. செடி வெளுத்துக்கொண்டே வந்தது.

"கண்ணாடி அண்ணே, அந்த வெயிலைக் கொஞ்சம் கீழே தள்ளிவிடுங்களேன்" என்றது செடி.

"முடியாதும்மா. என் மேல என்ன சாய்வில விழுதோ, அதே சாய்வில திருப்பி அனுப்பணும். மயிரிழை மாறினாலும் இங்கே வர்றவங்க மூஞ்சியெல்லாம் கோணலாத் தெரியும்."

கண்ணாடிக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்குக் கோபம் வந்தது. "வெயிலை நீ வளைக்க வேணாம்யா. நீ கொஞ்சம் சாயலாம்ல?"

"சாயலாம். ஆனா அடியில, எனக்கும் சுவருக்கும் நடுவுல, சிங்காரம் காகிதத்தை மடிச்சுச் செருகியிருக்காரே."

பல்லி அந்தக் காகிதத்தை வாலால் ஒரே தட்டாகத் தட்டிக் கீழே தள்ளியது. கண்ணாடியின் அடிப்பக்கம் சுவரோடு ஒட்டியது, மேல்பக்கம் முன்னால் குனிந்தது. குனிந்தது கொஞ்சம்தான். வெயிலோ அதைப்போல இரண்டு மடங்கு திரும்பி, காலண்டரை விட்டு இறங்கி, செடியின் மேல் கொட்டியது.

"இப்பவும் அதே சாய்வுதான்" என்றது கண்ணாடி, பெருமையாக.

நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு முகம் இன்னும் நன்றாகத் தெரிகிறதென்று சிங்காரமும் அப்படியே விட்டுவிட்டார்.

பத்தே நாளில் செடி புது இலை விட்டது. இலை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றது.

"சூரியன் அந்தப் பக்கம்டி" என்றது பல்லி.

"தெரியும்" என்றது செடி. கண்ணாடியை விட்டு அது கண்ணை எடுக்கவே இல்லை.