கோபம் அப்புறம்

"கேபிளை யார் வெட்டச் சொன்னது?"

செருப்பைக் கழற்றும்போதே மகன் ஆரம்பித்துவிட்டான். பை இன்னும் தோளில்தான் இருந்தது.

"நான்தான்," என்றாள் அம்மா. "ஏன், இப்ப டி.வி. ஓடலையா?"

ஓடத்தான் செய்தது. காது கிழிய ஓடியது. நெட்டில் சும்மா கிடைக்கும் ஓசிச் சேனல். சந்தா கிடையாது, அதற்குப் பதில் கொஞ்சம் படம், நிறைய விளம்பரம். அதுவும் போட்டதையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள். அவன் உள்ளே நுழையும்போதும் ஒரு டீத்தூள் விளம்பரம்தான். வேலையிலிருந்து வந்தவன் பையை விட்டெறிந்து கத்துகிறான். மனைவி கோப்பையோடு வந்து பாட்டாக இழுக்கிறாள்: "கோபம் அப்புறம், டீ முதல்ல."

எதிரே கட்டிலில் தலையணைகளை முட்டுக் கொடுத்து அப்பாவை உட்கார வைத்திருந்தாள் அம்மா. பக்கவாதம் வந்து அரை வருஷமாகிறது. வலது கையும் போச்சு, பேச்சும் போச்சு. பஸ் கண்டக்டராக இருந்தவர். படிக்கட்டில் தொங்குகிறவனை முன்பக்கத்திலிருந்தே குரலால் உள்ளே இழுத்தவர். இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார்.

"கேபிள்காரன் எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்றான், உங்க வீட்ல வேண்டாம்னுட்டாங்கன்னு. கட்டறது நான், வெட்டறது நீயா? அப்பாவுக்கு கிரிக்கெட் வேண்டாமா?"

"கிரிக்கெட்டை அவர் எங்க பாத்தாரு? சுவத்தைப் பாத்துட்டுக் கிடந்தாரு."

"அதுக்கு? நாள் பூரா டீத்தூள் விளம்பரம் பாக்கணும்னு தலையெழுத்தா?"

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை இன்னும் அழுத்தி மடித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டியே தேவையில்லை.

மகன் செல்போனை எடுத்தான். "விளம்பரமே இல்லாம ஒரு பேக் இருக்கு. இப்பவே போட்டு விடறேன்."

"வேண்டாம்."

"காசு நான் தர்றேம்மா."

"ஓசில குடுத்தாலும் வேண்டாம்."

"ஏன்? காரணத்தைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

அவனுக்கு ஜிவ்வென்று ஏறியது. "பேச்சுப் பயிற்சி டாக்டர் என்ன சொன்னாரு? அவர்கிட்ட பேசிட்டே இருக்கணும்னாரா இல்லையா? நீ என்னடான்னா டி.வி.யைப் போட்டு விட்டுட்டு உன் வேலையைப் பாக்கறே. அவரைப் பாத்துக்க டி.வி.யை ஆளா வெச்சிருக்கே."

"நான் பேசலைன்னு நீ கண்டியா? தொண்டை வத்திப்போற வரைக்கும் பேசினேன். எப்பவாவது எட்டிப் பாத்துட்டு நியாயம் பேச வந்துட்டான்." அவள் குரல் உடைந்தது. அழுகை இல்லை, ஆத்திரம்.

"அப்ப சரி. நாளைக்கே அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒழுங்கா ஒரு ஆளைப் போட்டுப் பாத்துக்கறேன். நீ உன் ஓசி டி.வி.யோட இரு."

அம்மாவின் கை நின்றது.

"கூட்டிட்டுப் போயிருவியா நீ? உனக்கு அப்பா ஆகறதுக்கு முன்னாடியே அவர் எனக்குப் புருஷன்டா."

அப்பா கட்டில் சட்டத்தைத் தட்டினார். அவர்கள் போட்ட சத்தத்தில் இருவர் காதிலும் அது விழவில்லை.

மறுபடியும் படம் நின்றது. மறுபடியும் அதே ஆள் பையை விட்டெறிந்தான். மறுபடியும் அதே கோப்பை.

"கோபம் அப்புறம்..."

"சனியன்," என்று மகன் பிளக்கைப் பிடுங்கினான்.

திரை கறுத்தது. வீடு கப்சிப்பென்று ஆனது.

"டீ..."

மகன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"டீ... முத... முதல்ல."

பிளக் மகனின் கையிலிருந்து நழுவியது.

"எப்பலேருந்தும்மா?"

"இந்த வாரம்தான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா ஃபோன்ல பேசுங்க, பேசுங்கன்னு அவரை உயிரெடுப்பே. வரலைன்னா மனுஷன் திரும்பவும் சுவத்துப் பக்கம் திரும்பிடுவாரு." அம்மாவுக்குக் கோபம் துளிகூட இறங்கவில்லை. "ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிக் காதுல போடணும்னு டாக்டர் சொன்னாரு. நான் சொல்லி உங்கப்பா என்னிக்குக் கேட்டிருக்காரு? கேபிள்ல விதவிதமா விளம்பரம் போடறான். இதுலதான் இந்த ஒண்ணையே போட்டு அரைக்கறான். ஒருநாள் பாத்தா, கூடவே உதடு அசையுது. அன்னிக்கே கேபிளை வெட்டச் சொல்லிட்டேன்."

அப்பா சட்டத்தைப் பலமாகத் தட்டினார். "முதல்ல," என்றார். அதில் பழைய கண்டக்டரின் அதட்டல் கொஞ்சம் இருந்தது.

"இதோ, இதோ," என்று அம்மா சமையலறைக்கு ஓடினாள்.

மகன் தரையில் உட்கார்ந்து பிளக்கைத் தேடி எடுத்தான். அவசரத்தில் அது லேசில் உள்ளே போகவில்லை. ஒருவழியாகத் திரை வெளிச்சமானது. யாரோ யாரையோ துரத்திக்கொண்டு ஓடினார்கள். துரத்தல் முடிந்து சண்டை வந்தது. சண்டை முடிந்து பாட்டு வந்தது. அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"அம்மா," என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினான். "இந்த எழவெடுத்த படத்தை நிறுத்திட்டு விளம்பரம் எப்பம்மா போடுவான்?"