தேனீப் பெட்டியின் மூடி

மார்கழி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. தேனீப் பெட்டியின் பக்கத்தில், சர்க்கரைப் பாகு நிறைந்த கொட்டாங்கச்சி ஒன்று காத்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் திறங்க. பனியில அதுங்களால வெளியே வர முடியாது. உள்ளே தேனும் தீர்ந்திருக்கும்," என்று மூடியிடம் கெஞ்சியது.

"உனக்கென்ன, ஊத்திட்டுப் போயிடுவே. குளிர் பட்டு வாடப்போறது என் பிள்ளைங்க. தை பிறக்கட்டும்," என்றது மூடி.

நாளுக்கு நாள் ரீங்காரம் குறைந்தது.

"சத்தமே இல்லையே அக்கா, ஒரு தடவை பாருங்களேன்!"

"உஷ்! இப்பத்தான் அசந்து தூங்குதுங்க. சாமி புண்ணியத்துல ஒண்ணுக்கும் சளிகூடப் பிடிக்கலை."

தை பிறந்தது. வெயில் ஏறியதும் மூடி ஆசையாகத் திறந்து பார்த்தது. தேனீக்களெல்லாம் தேனடையின் காலி அறைகளுக்குள் தலையை நுழைத்தபடியே செத்துக் கிடந்தன.

கொட்டாங்கச்சி அழுதது. மூடி அழவில்லை. குளிர் பட்டுவிடுமே என்று மெல்ல மூடிக்கொண்டது.