தொடை நார்

இருமினாலே சேலை நனைகிறது என்று என் சம்சாரம் சென்னம்மாளை ஐம்பத்தாறாம் வருஷம் கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவள் தொடையிலிருந்தே நார்ப்பட்டை எடுத்து, சிறுநீர்ப்பைக்குக் கீழே தூளிபோலக் கட்டிவிட்டதாக டாக்டர் சொன்னார். அதற்கப்புறம் ஒரு சொட்டுச் சிறுநீர்கூட இறங்கவில்லை, வயிறு பானையாகிவிட்டது.

"வீக்கந்தான், சரியாகிடும்" என்றார் டாக்டர்.

"என் தொடையில தையலே இல்லய்யா" என்றாள் சென்னம்மாள்.

பக்கத்துக் கட்டிலில் ராயக்கோட்டை குல்ஷன், குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தவள். "எனக்கு எதுக்கண்ணா தொடையில தையல்?" என்று கேட்டாள்.

கவனித்தேன். குல்ஷன் சுருண்டு படுத்தால் இவளுக்குச் சிறுநீர் இறங்கியது. அவள் எழுந்து நடந்தால் நின்றது.

மறுவாரம் குல்ஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே அவள் ஏறிய ராயக்கோட்டை பஸ் கிளம்பியது.

"ஓடுய்யா, பஸ்ஸ நிறுத்து!" என்று சென்னம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடினேன். என் பின்னாலேயே, சிமெண்டுத் தரையில் உரசிக்கொண்டு, சென்னம்மாளோடு இரும்புக் கட்டிலும் வந்தது.